மாப்பிள்ளைக்கு லெவல் ஏறாது

நான் ஏற்கெனவே ஒரு தடவை செத்தவன் அண்ணாச்சி. பயப்படாதீர்கள், பையை அந்தப் பக்கம் நகர்த்த வேண்டாம், நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள். சங்கரன்கோவிலில், என் மாமனார் வீட்டு ஹாலில், ஆவணி மாதம் ஒரு சாயங்காலம் நெஞ்சில் அம்பு பட்டுச் செத்தேன். அந்த நேரத்தில் நான் மதுரையில், நான் வேலை பார்க்கிற டைல்ஸ் கடையில், ஒரு வாத்தியாருக்கு பாத்ரூம் டைல்ஸ் காட்டிக்கொண்டு இருந்தேன். செத்தது எனக்கே போன் வந்த பிறகுதான் தெரியும்.

மடியில் இருக்கிற தூக்குவாளியையா பார்க்கிறீர்கள்? வாசனை வருகிறதா? வரும். அதைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். ஆனால் முதலில் நான் செத்ததைச் சொன்னால்தான் இது புரியும்.

போனில் அத்தை. அதாவது என் மாமியார். அழுகிற குரல்.

"மாப்பிள்ள, நல்லா இருக்கீங்களா மாப்பிள்ள?"

"நல்லாத்தானே இருக்கேன் அத்தை."

"நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?"

"இல்லையே."

"சத்தியமா?"

பின்னால் ஒரே கூட்டமாகச் சத்தம் கேட்கிறது. யாரோ ஒரு அம்மா, "மதுரை மாப்பிள்ளையா? கல்யாணப் பந்தலே இன்னும் பிரிக்கலையேம்மா!" என்று ஒப்பாரிக்குத் தயாராகிறார். பக்கத்து வீட்டம்மாவாம். தலையை விரித்துப் போட்டுக்கொண்டே வந்துவிட்டாராம்.

நடந்தது இதுதான். என் மாமனார் ஆவுடையப்பன், ஊரில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். எங்கள் கல்யாணம் முடிந்த அடுத்த வாரம், கார் பழக வந்த ஒரு அம்மா பிரேக் என்று நினைத்து வேறு எதையோ மிதித்துவிட்டார். மாமா வண்டிக்கு முன்னால் நின்றிருந்தார். காலில் மாவுக்கட்டு. தை மாதம் வரைக்கும் ஹாலில் உட்கார்ந்த இடம்தான் என்றுவிட்டார் டாக்டர். போரடிக்கிறதே என்று என் கொழுந்தியாள் தாரணி, அவள் வீடியோ கேம் விளையாடுகிற பெட்டியை டிவியில் மாட்டி அப்பா கையில் கொடுத்துவிட்டாள். அன்றைக்குப் பிடித்தது அந்த வீட்டுக்கு அந்தப் பைத்தியம்.

சண்டை விளையாட்டுதான். ஆனால் குதித்துக் குதித்துச் சுடுகிற விளையாட்டு இல்லை. தரை கட்டம் கட்டமாக இருக்கும், சதுரங்கம் மாதிரி. நம் ஆட்களை ஒவ்வொருவராக நகர்த்த வேண்டும், பிறகு எதிரி நகர்த்துவான். சதுரங்கத்தில் குதிரை எத்தனை பேரை வெட்டினாலும் அதே குதிரைதான். இதில் அப்படி இல்லை அண்ணாச்சி. ஒவ்வொரு சண்டையிலும் ஆளுக்கு அனுபவப் புள்ளி ஏறும். புள்ளி சேர்ந்தால் லெவல் ஏறும். லெவல் ஏறினால் பலம் கூடும். செத்தால் மட்டும் செத்ததுதான். திரும்ப வர மாட்டான்.

ஆட்களுக்குப் பெயர் நாம்தான் வைக்க வேண்டும். தாரணி வீட்டு ஆட்கள் பெயரையே வைத்தாள். மாமாவுக்கு அவர் பெயர், அவளுக்கு அவள் பெயர், என் வீட்டுக்காரிக்கு சங்கரி. எனக்கு அருணகிரி என்று எழுதப் போயிருக்கிறாள். மாமா தடுத்துவிட்டார். "மாப்ளைய பேர் சொல்லி, டேய் அங்க போ, இவனை அடின்னு ஏவ முடியுமா? மரியாதையா மாப்பிள்ளைன்னு போடு." போட்டாள். அன்றைக்கே அம்பும் பட்டது. தாரணிக்கு வாய் கொஞ்சம் பெரிசு. "ஐயையோ அப்பா, மாப்பிள்ளை செத்துட்டாரு!" என்று கத்தியிருக்கிறாள். அத்தை அடுப்படியில் தோசைக் கரண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார்கள். ஜன்னல் வேறு திறந்திருந்தது.

விஷயம் தெரிந்த பிறகும் அத்தைக்கு மனசு ஆறவில்லை. தலை தீபாவளி வரப் போகிறது, மாப்பிள்ளை டிவியில் செத்துக் கிடப்பதா? அந்தச் சனியனை அழித்துவிட்டு முதலில் இருந்து ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார்கள். ஆரம்பித்தார்கள். இந்தத் தடவை மாப்பிள்ளை மேல் ஒரு கீறல் விழக் கூடாது என்று உத்தரவு. மாமா யோசித்து யோசித்து என்னைச் சண்டைக்கே போகாத கிளாஸில் போட்டுவிட்டார்.

கிளாஸ் என்றால் பள்ளிக்கூட வகுப்பு இல்லை. அந்த ஆள் என்ன தொழில் செய்கிறவன் என்பது. வாள்வீரன் ஒரு கிளாஸ், வில்லாளி ஒரு கிளாஸ். மாமா குதிரைத் தளபதி. தாரணி திருடி. சங்கரி வைத்தியச்சி, காயம்பட்டவர்களுக்கு மருந்து போடுகிறவள். அத்தையையும் விடவில்லை, கவசக்காரியாகப் போட்டார்கள். ஒரு தடவைக்கு ஒரு கட்டம்தான் நகர முடியும், ஆனால் நின்ற இடத்தைத் தாண்டி ஒருத்தனும் போக முடியாது. நிஜத்திலும் அப்படித்தான்.

நான்? வண்டிக்காரன்.

சிரிக்காதீர்கள். படைக்குப் பின்னால் ஒரு வண்டி வரும். அதில் மருந்து, அம்பு, சோற்று மூட்டை. அதை ஓட்டுகிறவன். வாள் கிடையாது, கம்பு கூடக் கிடையாது. எதிரி என்னை எட்டிப் பார்க்கக் கூட முடியாத மூலையில் நிறுத்திவிடுவார்கள். முன்னால் போர் நடக்கும், நான் மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

அதனால் என்ன என்று கேட்பீர்கள். புள்ளி அண்ணாச்சி, புள்ளி! அந்த விளையாட்டில் எல்லாருக்கும் ஒரே மாதிரி அனுபவம் ஏறாது. கிளாஸைப் பொறுத்துத்தான் ஏறும். திருடிக்குச் சீக்கிரம் ஏறும், ஒரு பூட்டைத் திறந்தாலே புள்ளி. மாமா தளபதி, பெரிய கிளாஸ், அவர் ஒரு சில்லறைச் சிப்பாயை வெட்டினால் கொசுவை அடித்த மாதிரி, ஏறவே ஏறாது. மாமா அதை டிரைவிங் ஸ்கூல் பாஷையில்தான் சொல்வார். "பஸ் ஸ்டாண்டைச் சுத்தி ஒரு ரவுண்டு அடிச்சா, புதுசா வந்தவனுக்கு அது பாடம். லாரி ஓட்டுறவனுக்கு அது டீசல் செலவு." வைத்தியச்சிக்கு ஒரு கட்டுப் போட்டால் துளிப் புள்ளி. வண்டிக்காரனுக்கு ஒன்றுமே கிடையாது. ஊர் ஊராக வண்டி ஓட்டினாலும் லெவல் ஒன்று. லெவல் ஒன்றிலேயே பிறந்து லெவல் ஒன்றிலேயே நிற்க வேண்டியதுதான்.

இன்னொரு சட்டமும் உண்டு. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். ஒரு எதிரியை நாலு பேர் சேர்ந்து அடித்தாலும், அவன் கதையை முடித்தவனுக்குத்தான் பெரிய புள்ளி. முன்னால் அடித்தவர்களுக்கு ஏதோ பிசுக்கு மாதிரி ஒட்டும். கடைசி அடி யாருடையதோ, அனுபவம் அவருடையது.

திருமங்கலம் தாண்டிவிட்டோமா? சரி.

மாமா கால் விஷயமாக நாங்கள் சனி ஞாயிறு தவறாமல் போவோம். போனதும் சங்கரி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். நான் ஹாலில் உட்கார்வேன். அந்த வீட்டில் என்னை ஒரு டம்ளரைத் தூக்க விட மாட்டார்கள். நான் எழுந்தால் அத்தையும் எழுவார்கள். "நீங்க உக்காருங்க மாப்பிள்ள." கை கழுவப் போனால் தாரணி துண்டோடு பின்னால் வருவாள். அப்படி ஒரு மரியாதை. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே மரியாதையை விளையாட்டிலும் கொண்டுவந்து வைத்தால் மனுசன் எப்படி முன்னேறுவான்?

சங்கரி அடுப்படிக்கும் டிவிக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருப்பாள். அவள் முறை வந்ததும் தாரணி கூப்பிடுவாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மாமாவுக்கு ஒரு கட்டு, தாரணிக்கு ஒரு கட்டு, பட்டனை அமுக்கிவிட்டுக் குழம்பைக் கிளறப் போய்விடுவாள். அவ்வளவுதான் அவள் ஆட்டம். ஆனால் பாருங்கள், ஐப்பசி பிறக்கும்போது எல்லாரையும் விட அவள் லெவல்தான் மேலே இருக்கிறது! யாரும் கவனிக்கவே இல்லை. துளித் துளியாக ஏறியிருக்கிறது. மருந்து போட்டே ஒருத்தி முதலிடத்துக்கு வர முடியுமா? விளையாட்டில் ஏதோ கோளாறு என்றேன். "கம்பெனிக்கு எழுதிப் போடுங்கத்தான்" என்றாள் தாரணி. அவளுக்கு என் மேல் ஒரு மதிப்பு உண்டு.

வீட்டிலா? மதுரையில் எங்கள் வீட்டில் எல்லாம் சமம்தான். வேலையைப் பிரித்துக்கொண்டிருக்கிறோம். சங்கரி ஒரு கண்ணாடிக் கடையில் கண்ணுக்கு பவர் பார்க்கிற வேலையில் இருக்கிறாள். ஒவ்வொரு கண்ணாடியாக மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா? இப்ப தெளிவா இருக்கா?" என்று கேட்பார்களே, அது. ஏழு மணிக்கு வருவாள். சமையல், பாத்திரம், துணி, பால் பாக்கெட் எல்லாம் அவள். தண்ணீர் கேன் வந்தால் கதவைத் திறப்பது நான். அதுவும் சும்மா இல்லை அண்ணாச்சி, மூன்றாவது மாடி. அந்த ஆள் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறி வருவதைப் பார்த்தால் எனக்கு மூச்சு வாங்கும்.

தலை தீபாவளி விஷயத்துக்கு வருகிறேன். விடிவதற்கு முன்னால் எண்ணெய்க் குளியல், புது வேட்டி, லேகியம், எல்லாம் முறையாக நடந்தது. முதல் வெடி மாப்பிள்ளைதான் போட வேண்டும் என்றார்கள். தாரணி சரத்தைப் பிரித்து வாசலில் நீட்டி, திரியைக் கிள்ளி விட்டு, ஊதுபத்தியைக் கொளுத்திக் கையில் கொடுத்தாள். நான் வைத்தேன். தெருவே அதிர்ந்தது. "மாப்பிள்ளை போட்ட சரம்" என்று பக்கத்து வீட்டம்மாவே சொன்னார். அன்றைக்குத் தலையை முடிந்திருந்தார்.

அதன் பிறகுதான் கடைசிப் போர். தீபாவளி அன்றைக்கு முடிக்க வேண்டும் என்றே மாமா நிறுத்தி வைத்திருந்தார். இரும்பு ராஜா என்று ஒருத்தன், கோட்டைக்குள் உட்கார்ந்திருக்கிறான். அவனைக் கொன்றால் விளையாட்டு முடிந்தது. எல்லாரும் டிவி முன்னால். நான் வழக்கம் போல் மூலையில் மாட்டோடு நிற்கிறேன். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. புது வேட்டி கட்டிக்கொண்டு, மோதிரம் போட்டுக்கொண்டு, லெவல் ஒன்று.

வண்டியில் ஒரு முத்திரை இருந்தது. அந்த விளையாட்டு முழுக்க அப்படி ஒன்றே ஒன்றுதான் கிடைக்கும். அதை யாருக்குக் கொடுக்கிறோமோ அவர் கிளாஸ் மாறிவிடும்.

"மாமா, அந்த முத்திரை யாருக்கு?" என்றேன்.

"அது சங்கரிக்குன்னு எடுத்து வச்சது மாப்ள. அவளுக்குத்தான் லெவல் தெகஞ்சிருக்கு. போட்டா வைத்தியமும் பாப்பா, வாளும் எடுப்பா."

"அதை வண்டிக்காரனுக்குப் போட்டா?"

தாரணிதான் வாயைத் திறந்தாள். "அத்தான், அது வண்டி. வாள் குடுத்தா எங்க மாட்டுறது? மாட்டுக் கொம்புலயா?"

"ஏளா, சும்மா கெட" என்றார் மாமா. தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை வாய் விட்டு ஒன்று கேட்டுவிட்டார். இல்லை என்று சொல்கிற வழக்கம் அந்தப் பக்கத்தில் கிடையாது. மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை, "கீறல் விழாமப் பாத்துக்கிட்டா சரி" என்றார்கள். அப்புறம் எல்லாரும் சங்கரியைப் பார்த்தார்கள். அவள் எனக்குக் காபி கொண்டுவந்திருந்தாள்.

"குடுங்கப்பா. கேக்கிறாருல்ல."

அவ்வளவுதான் சொன்னாள். என்ன பெருந்தன்மை பாருங்கள். டம்ளரை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். கை வழுக்கியிருக்கும்.

ஆனேன் அண்ணாச்சி, வாள்வீரன் ஆனேன். மாட்டை அவிழ்த்துவிட்டுப் புறப்பட்டேன். மாமா குதிரையோடு முன்னால் போய் அடிகளையெல்லாம் வாங்கிக்கொண்டார். தாரணி கோட்டைப் பூட்டை உடைத்தாள். அத்தை கவசத்தோடு எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்கள், ஒரு அம்பு என் பக்கம் வரவில்லை. சங்கரி ஓடி ஓடி எல்லாருக்கும் மருந்து போட்டாள். அதற்குள் இட்லிப் பானையை இறக்க இரண்டு தடவை எழுந்து போனாள். ராஜாவை அடித்து அடித்து, உயிர் ஒரே ஒரு சொட்டு மிச்சம் இருக்கிற வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். பிறகு எல்லாரும் விலகி எனக்கு வழிவிட்டார்கள்.

"இப்ப மாப்ள. பச்சை பட்டனை அமுக்குங்க."

முதலில் சிவப்பை அமுக்கிவிட்டேன். அது போகட்டும். இரண்டாவது தடவை பச்சை. ஒரே வெட்டு! ராஜா காலி. லெவல் ஒன்றில் இருக்கிற ஆள் அவ்வளவு பெரிய ராஜாவைக் கொன்றதால் புள்ளி கொட்டுகிறது, மளமளவென்று என் லெவல் ஏறுகிறது. தாரணி கை தட்டுகிறாள். அத்தை எனக்குத் திருஷ்டி கழிக்கிறார்கள்.

எங்கள் டைல்ஸ் கடையைப் பற்றி இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். வாரம் முழுக்க ஒரு கஸ்டமரோடு நான் மல்லுக்கட்டுவேன். கல்லைத் தூக்கிக் காட்டி, அளவு எடுத்து, வீட்டுக்காரம்மாவைச் சம்மதிக்க வைத்து, எல்லாம் நான். கடைசியில் மேனேஜர் வருவார், கை குலுக்குவார், ஆர்டர் அவர் பெயரில் போய்விடும். அடுத்தவன் உழைப்பில் கடைசிக் கையை வைக்கிற ஆட்களைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். அப்படி எரிந்துகொண்டிருந்த மனசுக்கு அன்றைக்குத்தான் குளிர்ச்சி. முதல் தடவையாக என் சொந்த முயற்சியில் ஒன்றைச் சாதித்தேன்.

மத்தியானம் பந்தி. சொந்தக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். நான் சண்டையை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். ஒத்தை ஆளாக எப்படி முடித்தேன் என்று சொன்னேன். சங்கரியின் பெரியப்பா கேட்டார், "எங்க புள்ள என்னய்யா செஞ்சா?"

"அவளா? பின்னால நின்னு ஏதோ மருந்து போட்டுக்கிட்டு இருந்தா" என்றேன்.

அப்போது அவள் ரசம் ஊற்றிக்கொண்டு வந்தாள். எனக்கு மட்டும் கொஞ்சம் தாராளமாக ஊற்றினாள். புது வேட்டி வரைக்கும் வந்தது.

சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு, "கிளம்பலாமா?" என்றேன். அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க போங்க. நான் வரல."

"ஏன்?"

"உங்க லெவல்தான் ஏறிருச்சே. இனிமே வீட்டைத் தனியாப் பாத்துக்க மாட்டீங்களா?"

"விளையாடாத சங்கரி. எப்ப வருவ?"

"ஒரு குழம்பு. ஒரே ஒரு குழம்பு, உங்க கையால வச்சுக் கொண்டு வாங்க. அன்னைக்கே உங்களோட பஸ் ஏறுறேன். இல்லன்னா நான் இங்கயே ஒரு கண்ணாடிக் கடையில வேலைக்குச் சொல்லி வச்சிருக்கேன், தை பொறந்ததும் சேந்துருவேன். இது தெளிவா இருக்கா?"

தெளிவாக இருக்கிறது என்றேன். என்ன தெளிவு? ஒரு முத்திரை அண்ணாச்சி, டிவிக்குள் இருக்கிற ஒரு முத்திரை, அதற்காகப் பொறந்த வீட்டில் உட்கார்வாளா ஒருத்தி? மாமா மட்டும் கட்டையை ஊன்றிக்கொண்டு வாசல் வரைக்கும் வந்தார். "தப்பு எங்க மேலயும் இருக்கு மாப்ள. பின் சீட்டுலயே உக்கார வச்சா யாருக்கும் கியர் போட வராது" என்றார். வண்டிக்காரன் விஷயத்தைத்தான் சொல்கிறார். ஒத்துக்கொண்டாரே, அதுதான் பெரிய மனுசன்.

கார்த்திகை முடியப் போகிறது. வீட்டில் ஒரு வெளிச்சம் இல்லை. அவள் இருந்தால் ஏதாவது பேசிக்கொண்டே வேலை செய்வாள், நான் கேட்டுக்கொண்டே படுத்திருப்பேன். இப்போது அந்தச் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை. தண்ணீர் கேன்காரர் கூட, "அக்கா எங்க சார்?" என்று கேட்கிறார். ஹோட்டல் சாப்பாடு வயிற்றுக்கு ஆகவில்லை. ராத்திரி ஆனால் அவளிடம் பவர் பார்க்க வந்தவன் மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். அவள் வர வேண்டும் அண்ணாச்சி. வேறு என்ன சொல்ல?

அதனால்தான் இன்றைக்குக் காலையில் இறங்கிவிட்டேன். பூண்டுப் புளிக்குழம்பு. நானே வைத்தது.

எப்படி என்று கேளுங்கள். எங்கள் கீழ் வீட்டில் ஜெபமணி அக்கா இருக்கிறார்கள். அவர்களிடம் யோசனை கேட்கப் போனேன். எங்கள் அடுப்படிக்கே ஏறி வந்து, பூண்டை எப்படி உரிப்பது என்று காட்டினார்கள். காட்டி முடிக்கும்போது பூண்டு முடிந்துவிட்டது. சின்ன வெங்காயம் கண்ணை எரித்தது, அதனால் அதையும் அவர்களே. புளியைக் கரைத்தது, வறுத்து அரைத்தது, தாளித்தது எல்லாம் அக்கா. நான் பக்கத்திலேயே நின்றேன், ஒரு நிமிஷம் நகரவில்லை. குழம்பு தளதளவென்று கொதிக்கிற நேரத்தில் அவர்கள் வீட்டில் போன் அடித்தது. "தம்பி, உப்பு கிப்பெல்லாம் இனிமே நீங்களே பாத்துக்கோங்க, உங்க கை பட்டதா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். என் மேல் அவ்வளவு நம்பிக்கை. நான் பார்த்தேன். நன்றாகக் கொதித்தது. எண்ணெய் மிதந்தது. அடுப்பை அணைத்தேன்.

அணைத்தது நான்தான் அண்ணாச்சி! இப்போது அந்தச் சட்டத்தை நினைத்துப் பாருங்கள். கடைசி அடி யாருடையது? அப்போ குழம்பு யாருடையது? இதில் ஒரு பொய் இருக்கிறதா? நீங்கள் திருவேங்கடத்தில் மெஸ் வைத்திருப்பதாகச் சொன்னீர்களே, உங்களுக்குத் தெரியாததா? யார் யாரோ நறுக்குவார்கள், அரைப்பார்கள், ஆனால் மெஸ் உங்கள் பெயரில்தானே? ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

ராஜபாளையம் வந்துவிட்டது. பத்து நிமிஷம் நிற்கும் என்கிறார் கண்டக்டர்.

ஒரு நிமிஷம். போன். அவள்தான்.

"சொல்லு சங்கரி... ராஜபாளையம் வந்தாச்சு... மடியிலதான் இருக்கு, சிந்தல... பூண்டுக் குழம்பு... நானேதான்... நான் ஏன் பொய் சொல்றேன்?... உப்பா? எவ்வளவு போட்டேனா?... இரு, இரு, ஒரு நிமிஷம்."

அண்ணாச்சி, கையை நீட்டுங்கள். ஒரு சொட்டு. எப்படி இருக்கிறது? ... முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. கொடுங்கள், நானும் பார்க்கிறேன். ஐயோ.

"சங்கரி... இல்ல. உப்பு... போடல. மறந்துட்டேன்... ஆமா, கொஞ்சங்கூட இல்ல... ஏய், எதுக்குச் சிரிக்கிற? சங்கரி? அழறியா சிரிக்கிறியா?... ம்... ம்... சரி. சரி வை."

சிரிக்கிறாள் அண்ணாச்சி. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாள் ஆகிறது. "ஜெபமணி அக்கா வச்சுக் குடுத்திருப்பாங்கன்னு நெனச்சேன். அந்தக்கா வச்சா உப்பில்லாம இருக்காது. அப்ப நெஜமாவே நீங்கதான் வச்சிருக்கீங்க" என்கிறாள். அப்புறம், "அப்படியே கொண்டு வாங்க. ஒண்ணும் போடாதீங்க. யாரையும் தொட விடாதீங்க. எனக்கு அந்தக் குழம்புதான் வேணும். நான் பையில துணியெல்லாம் எடுத்து வைக்கிறேன்" என்றாள்.

வருகிறாள் அண்ணாச்சி. இன்றைக்கே என்னோடு பஸ் ஏறுகிறாள்!

இருங்கள், இதைப் பிடித்துக்கொள்ளுங்கள், இதோ வந்துவிட்டேன்.

...

அப்பா. பஸ் கிளம்பிவிடுமோ என்று ஓடி வந்தேன். இதோ, உப்புப் பாக்கெட். பஸ் ஸ்டாண்ட் கடையில் வாங்கினேன். தூள் உப்பு கிடைத்தது, பரவாயில்லையா?

என்ன அண்ணாச்சி தலையில் கை வைக்கிறீர்கள்? ஆமாம், அப்படியே கொண்டு வரச் சொன்னாள்தான். அது அவள் பெருந்தன்மை. ஆனால் யோசித்துப் பாருங்கள். உப்பில்லாத குழம்பைக் கொண்டு போய் அந்த ஹாலில் வைத்தால் தாரணி அடுத்த தீபாவளி வரைக்கும் சொல்லிக் காட்டுவாள். அதுகூடப் போகட்டும். அங்கே போனதும் சங்கரி என்ன செய்வாள்? ஒரு சிட்டிகை உப்பை எடுத்துப் போடுவாள். போட்டால்? கடைசி அடி அவளுடையது ஆகிவிடும்! காலையிலிருந்து நான் பட்ட பாடு மொத்தமும் அவள் கணக்கில் போய்விடும். அதற்கா நான் இவ்வளவு தூரம் வந்தேன்?

வேண்டாம் தம்பி, அந்தப் பொண்ணு அதுக்காகத்தான் வர்றா என்கிறீர்கள். எதுக்காக? உப்பில்லாததற்காகவா? அண்ணாச்சி, கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களுக்கு அந்த விளையாட்டு தெரியாது. என் வீட்டுக்காரியையும் தெரியாது. அவளுக்குக் குழம்பு நன்றாக இருந்தால்தான் பிடிக்கும்.

சொல்லுங்கள், எவ்வளவு போட வேண்டும்? கையால் அள்ளியா? ஸ்பூன் இல்லையே. இந்த மூடி அளவுக்குப் போடலாமா? அதிகமா? பஸ் வேறு கிளம்பிவிட்டது, ஆடுகிறது. எனக்கு அளவு தெரியாது அண்ணாச்சி, கூடிப் போனால் எல்லாம் கெட்டுவிடும். நீங்கள் தினமும் நூறு பேருக்குப் போடுகிற கை. ஒரே ஒரு தடவை, நீங்களே போட்டுவிடுங்களேன். அவளிடம் சொல்லவா போகிறோம்?

ஆ, அப்படித்தான். இன்னும் கொஞ்சம். போதும், போதும். கலக்கியும் விட்டுவிடுங்கள். ருசி பார்த்துச் சொல்லுங்கள். நன்றாக இருக்கிறதா? எனக்குத் தெரியும், நான் வைத்தால் நன்றாகத்தான் இருக்கும்.

நில்லுங்கள், நில்லுங்கள், கையை எடுங்கள். மூடியை நான்தான் மூட வேண்டும்.